இருவர், ஒரு சின்ன டிரெய்லர், நீண்ட சாலை: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

நானும் என் கணவரும் காரின் பின்னால் ஒரு சின்னப் பயண டிரெய்லரை மாட்டிக்கொண்டு ஊர் ஊராகப் போகிறவர்கள். இப்படிக் கிளம்பத் திட்டமிடும் தம்பதிகள் எங்களிடம் கேட்பவற்றை இங்கே தொகுத்திருக்கிறேன். எடை, பிரேக், ரிவர்ஸ் பற்றிய பதில்கள் நீளமாக இருக்கும். உயிருக்குப் பாதுகாப்பு அங்கேதான் இருக்கிறது என்பதால் அவற்றைச் சுருக்க எனக்கு மனம் வரவில்லை.

சின்ன டிரெய்லர் என்றால் எவ்வளவு சின்னது?

பொதுவாக 10 முதல் 17 அடி நீளம், ஒற்றை அச்சு, முழுச் சுமையோடு 700 முதல் 1,600 கிலோ வரை. இதற்குள் பல வகைகள் உண்டு. கண்ணீர்த்துளி வடிவத்தில் வரும் டியர்டிராப்பில் உள்ளே படுக்கை மட்டும்தான். பின்கதவைத் தூக்கிவிட்டு வெளியே நின்று சமைக்க வேண்டும். பாப்-அப் வகையில் ஓடும்போது கூரை தாழ்ந்திருக்கும், நிறுத்தியதும் உயர்த்திக்கொள்ளலாம். மூன்றாவது, முட்டை போன்ற ஃபைபர்கிளாஸ் டிரெய்லர். 1968இல் கனடாவின் வின்னிபெக் நகரில் ரே ஒலெக்கோ என்பவர் வடிவமைத்த 13 அடி போலர் இந்த வகைக்கு வழி காட்டியது. அதற்கு முன் அவர் ஃபைபர்கிளாஸில் செப்டிக் டேங்க் வடிவமைத்தவர். மேல் பாதி, கீழ் பாதி என இரண்டு வார்ப்புகளை இணைத்தால் வண்டி தயார். கூரையில் மூட்டுகள் மிகக் குறைவு என்பதால் மழைநீர் இறங்கவும் வழி குறைவு. பழைய டிரெய்லர்களை அழிப்பது பெரும்பாலும் இந்தக் கசிவுதான்.

எதை வாங்கினாலும் இருவரும் உள்ளே நிமிர்ந்து நிற்க முடிகிறதா என்று பாருங்கள். இரண்டு நாள் விடாமல் மழை பெய்தால் அதன் அருமை தெரியும்.

எங்கள் கார் இழுக்குமா?

என்ஜின் சக்தியை வைத்து முடிவு செய்யாதீர்கள். இழுப்பதை எந்தக் காரும் ஓரளவு செய்துவிடும். நிறுத்துவதும், ஏற்றத்தில் சூடாகாமல் இருப்பதும், பின்பக்கம் அமுங்காமல் இருப்பதும்தான் கடினம். காரின் கையேட்டில் மூன்று எண்களைத் தேடுங்கள்: எவ்வளவு எடையுள்ள டிரெய்லரை இழுக்கலாம், ஹிட்ச்சின் (டிரெய்லரை மாட்டும், காரின் பின்பக்க இணைப்பு) மேல் எவ்வளவு எடை விழலாம், காருக்குள் மொத்தம் எவ்வளவு சுமை ஏற்றலாம். சில கார்களுக்கு இழுக்கவே அனுமதி இருக்காது.

மூன்றாவது எண்ணைத்தான் பலரும் மறக்கிறார்கள். ஹிட்ச்சின் மேல் விழும் எடை காரின் சுமையில் சேரும். ஒரு காரில் 450 கிலோ ஏற்றலாம் என்று வைத்துக்கொள்வோம். நீங்கள் இருவர் 140, டிக்கியில் சாமான் 80, டிரெய்லரின் முன்பகுதி ஹிட்ச்சை அழுத்துவது 140 என்றால் 360 ஆகிவிட்டது. கூட ஒரு நாயும் கூரையில் ஒரு படகும் சேர்ந்தால் எல்லையைத் தொட்டுவிடுவீர்கள்.

அப்புறம், விற்பனைத் தாளில் போட்டிருக்கும் எடை வெறும் டிரெய்லரின் எடை. தண்ணீர், கேஸ், துணிமணி, பாத்திரம், பலநேரம் பேட்டரிகூட அதில் இல்லை. எல்லாவற்றையும் ஏற்றிய பிறகு ஒரு எடை மேடைக்கு ஓட்டிச் சென்று நிறுத்துங்கள். அந்தச் சீட்டில் வரும் எண்ணை மட்டும் நம்புங்கள். மின்சாரக் கார் வைத்திருப்பவர்கள், ஒரு சார்ஜில் போகும் தூரம் ஏறக்குறைய பாதியாகக் குறையும் என்று கணக்குப் போடுவது நல்லது.

ஹிட்ச்சின் மேல் எவ்வளவு எடை விழ வேண்டும்?

அமெரிக்க வழக்கம், ஏற்றிய டிரெய்லர் எடையில் 10 முதல் 15 சதவீதம். ஐரோப்பாவில் கார்களும் டிரெய்லர்களும் வேறு மாதிரி வடிவமைக்கப்படுவதால் இது குறைவு. அங்கே 75 கிலோ, 100 கிலோ என்று நேரடியாக எல்லையே குறிப்பிட்டிருப்பார்கள். உங்கள் காருக்கும் டிரெய்லருக்கும் தயாரிப்பாளர் சொன்னதைப் பின்பற்றுங்கள். ஒரு நாட்டு விதியை இன்னொரு நாட்டு வண்டிக்குப் போடாதீர்கள்.

இந்த எடை தேவைக்குக் குறைந்தால் டிரெய்லர் பக்கவாட்டில் ஆடும். கனமான பொருட்களை அச்சுக்கு மேலேயோ சற்று முன்னேயோ, தரையோடு தாழ்வாக வையுங்கள். சைக்கிள்களைப் பின் பம்பரில் மாட்டும் ஆசை எல்லோருக்கும் வரும். அச்சிலிருந்து அவ்வளவு தூரத்தில் தொங்கும் எடை நெம்புகோலாக வேலை செய்து முன்பக்கத்தைத் தூக்கிவிடும். தண்ணீர்த் தொட்டி எங்கே இருக்கிறது என்றும் பாருங்கள். பின்னால் இருந்தால், நிரப்பியதும் சமநிலை மாறிவிடும்.

ஓடும்போது டிரெய்லர் ஆட ஆரம்பித்தால் என்ன செய்வது?

இதை இருவரும் மனப்பாடமாக வைத்திருக்க வேண்டும், அந்த நேரத்தில் யோசிக்க அவகாசம் இருக்காது. ஆக்ஸிலரேட்டரிலிருந்து காலை எடுங்கள். ஸ்டீயரிங்கை நேராக, உறுதியாகப் பிடியுங்கள். டிரெய்லர் ஆடும் திசைக்கு எதிராகத் திருப்பிச் சரிசெய்யப் பார்க்காதீர்கள், ஆட்டம் கூடும். கார் பிரேக்கை ஓங்கி மிதிக்காதீர்கள். டிரெய்லருக்கு மின் பிரேக்கும் காரில் அதற்கான கன்ட்ரோலரும் இருந்தால், டிரெய்லர் பிரேக்கை மட்டும் கையால் மெல்லப் போடுங்கள். வேகத்தைக் கூட்டினால் நேராகிவிடும் என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள்.

ஆட்டம் அடங்கியதும் பாதுகாப்பான இடத்தில் நிறுத்தி, சாமானை மாற்றி அடுக்கிவிட்டுத்தான் தொடர வேண்டும். ஆட்டத்தைக் குறைக்கும் கருவிகள் கிடைக்கின்றன, அவை உதவும். ஆனால் தப்பாக அடுக்கிய சுமையை எந்தக் கருவியும் சரிசெய்யாது. பெரிய லாரி முந்தும்போதும், பாலத்தின் மேல் குறுக்குக் காற்றிலும், இறக்கத்திலும் ஆட்டம் அதிகம் தொடங்கும்.

டிரெய்லருக்குத் தனி பிரேக் அவசியமா?

ஐரோப்பாவில் மொத்த எடை 750 கிலோவைத் தாண்டினால் கட்டாயம். மற்ற இடங்களில் எல்லை மாறும், போகும் பாதையில் உள்ள விதியைப் பாருங்கள். சட்டம் கேட்காவிட்டாலும் பிரேக் உள்ள டிரெய்லரையே வாங்குங்கள் என்பேன். கார் வேகம் குறையும்போது டிரெய்லர் முன்னே தள்ளும் அழுத்தத்தாலேயே பிரேக் பிடிக்கும் வகை ஒன்று. மின்சாரத்தால் பிடிக்கும் வகை இன்னொன்று. இரண்டுமே நன்றாக வேலை செய்கின்றன.

நீண்ட இறக்கத்தில் தாழ்ந்த கியரில் இறங்குங்கள். பிரேக்கில் காலை வைத்தபடியே இறங்கினால் அது சூடாகிப் பிடிப்பை இழக்கும். பாதுகாப்புச் சங்கிலிகள் இரண்டும் ஹிட்ச்சுக்குக் கீழே ஒன்றை ஒன்று குறுக்கிட வேண்டும். டிரெய்லரை ஹிட்ச்சோடு பூட்டும் கொக்கி கழன்றாலும் டிரெய்லரின் முன்பகுதி சாலையில் குத்தாமல் அந்தச் சங்கிலிகளில் தாங்கி நிற்கும்.

கொக்கியை மாட்டியதும் ஒரு சோதனை உண்டு. டிரெய்லரின் முன் ஜாக்கியைச் சுற்றித் தூக்குங்கள். காரின் பின்பக்கமும் சேர்ந்து உயர்ந்தால் கொக்கி சரியாகப் பூட்டியிருக்கிறது. இதைச் செய்யாமல் நாங்கள் கிளம்புவதே இல்லை.

ரிவர்ஸ் எடுக்கப் பயமாக இருக்கிறது. எப்படிப் பழகுவது?

சின்ன டிரெய்லர் என்பதால் எளிது என்று நினைக்க வேண்டாம். நீளம் குறைந்த டிரெய்லர் ரிவர்ஸில் சட்டென்று திரும்பும், நீளமானது நிதானமாகத் திரும்பும். அதனால் ஸ்டீயரிங் அசைவு மிகச் சிறியதாக இருக்க வேண்டும். கையை ஸ்டீயரிங்கின் அடிப்பகுதியில் வையுங்கள். டிரெய்லரின் பின்பக்கம் எந்தப் பக்கம் போக வேண்டுமோ அந்தப் பக்கம் கையை நகர்த்துங்கள். கோணம் அதிகமானால் போராட வேண்டாம், முன்னே எடுத்து நேராக்கி மறுபடி தொடங்குங்கள். முன்னே எடுப்பதில் எந்தக் குறையும் இல்லை. இறங்கிப் போய்ப் பார்ப்பதிலும் இல்லை.

வெளியே நின்று வழிகாட்டுபவருக்கும் பழக்கம் வேண்டும். ஓட்டுபவரின் பக்கக் கண்ணாடியில் அவர் எப்போதும் தெரிய வேண்டும். தெரியாமல் போன அந்த நொடியே ஓட்டுபவர் நிறுத்த வேண்டும். "இடது, வலது" என்று சொன்னால் யாருடைய இடது என்ற குழப்பம் வரும். "பின்பக்கம் மரத்தை நோக்கி", "பின்பக்கம் மேசையை நோக்கி" என்று பொருளைச் சொல்லுங்கள். போனில் பேசிக்கொண்டே செய்தால் கத்த வேண்டியதும் இல்லை. "நில்" என்ற சொல்லுக்கு மட்டும் கேள்வி கேட்காமல் கீழ்ப்படிய வேண்டும். வழிகாட்டுபவர் தரையை மட்டும் பார்க்காமல் மேலே கிளைகளையும் பார்க்க வேண்டும். காலியான பெரிய மைதானம் ஒன்றில் இரண்டு மூன்று மாலைகள் பழகினால் போதும், பயம் விலகிவிடும்.

யார் ஓட்டுவது?

இருவரும். இந்தப் பக்கத்தில் எனக்கு மிக முக்கியமான பதில் இதுதான். பல தம்பதிகள் முதல் நாளே பிரித்துக்கொள்கிறார்கள்: ஒருவர் ஓட்டுவார், கொக்கி மாட்டுவார், மற்றவர் சமைப்பார், மடிப்பார், பக்கத்தில் உட்கார்ந்து வருவார். அது வசதியாகத்தான் தொடங்கும். நாளடைவில் ஒருவருக்குப் பயணம் முழுக்க வேலையாகவும், இன்னொருவருக்கு முழுக்கக் காத்திருப்பாகவும் ஆகிவிடும். ஓட்டுபவருக்கு நடுவழியில் காய்ச்சலோ முதுகுப்பிடிப்போ வந்தால் இருவரும் அங்கேயே மாட்டிக்கொள்வீர்கள்.

அதனால் இருவருக்கும் எல்லாம் தெரிந்திருக்க வேண்டும்: மாட்டுவது, கழற்றுவது, ரிவர்ஸ், கழிவுத் தொட்டியைக் காலி செய்வது, கேஸ் மாற்றுவது, டயர் மாற்றுவது. அன்றாடம் யாருக்கு எது பிடிக்கிறதோ அதைச் செய்யட்டும். ஆனால் வாரத்தில் ஒரு நாளாவது வேலைகளை மாற்றிக்கொள்ளுங்கள். கற்றுக்கொடுப்பவர் அந்த நேரத்தில் கையைக் கட்டிக்கொண்டு நிற்க வேண்டும், பிடுங்கிச் செய்யக் கூடாது. ஓட்டப் பயந்த ஒருவர் மலைப்பாதையில் வண்டியைத் தானே இறக்கிக்கொண்டு வந்து நிறுத்தும்போது முகம் எப்படி மாறுகிறது என்று நான் பார்த்திருக்கிறேன். அந்த வாய்ப்பை உங்கள் துணைக்குத் தராமல் இருக்காதீர்கள்.

ஓட்டுநர் உரிமத்தில் எவ்வளவு எடை வரை இழுக்கலாம் என்பதை மட்டும் இருவருக்கும் தனித்தனியாகச் சரிபாருங்கள்.

கிளம்பும்போது எதையும் மறக்காமல் இருக்க என்ன வழி?

எழுதி வைத்த பட்டியல். ஒருவர் கொக்கி, சங்கிலி, வயர், ஜாக்கி, விளக்குகளைப் பார்க்கட்டும். மற்றவர் கூரை ஜன்னல், கேஸ் வால்வு, அலமாரித் தாழ்ப்பாள், படிக்கட்டைப் பார்க்கட்டும். பிறகு இடம் மாறி, மற்றவர் செய்ததை ஒரு முறை தொட்டுப் பாருங்கள். சந்தேகப்பட்டுச் செய்வதாக யாரும் எடுத்துக்கொள்ளக் கூடாது. கொக்கி மாட்டிக்கொண்டிருப்பவரிடம் யாரும் பேசக் கூடாது, பக்கத்து முகாம்காரர் அன்பாக விசாரிக்க வந்தாலும் "ஒரு நிமிடம்" என்று சொல்லிவிடுங்கள்.

நிறுத்தும்போது வரிசை முக்கியம். முதலில் ரசமட்டம் வைத்துப் பக்கவாட்டுச் சாய்வைப் பாருங்கள், தாழ்ந்த சக்கரத்தைப் பலகை மேல் ஏற்றுங்கள். அடுத்து இரண்டு சக்கரங்களுக்கும் கட்டை போடுங்கள். அதற்குப் பிறகுதான் கொக்கியைக் கழற்ற வேண்டும். கட்டை போடாமல் கழற்றினால் டிரெய்லர் தானே கிளம்பிவிடும். முன்பின் சாய்வை ஜாக்கியால் சரிசெய்து, மூலைத் தாங்கிகளைக் கடைசியாக இறக்குங்கள்.

ஒரு நாளைக்கு எவ்வளவு தூரம் ஓட்டலாம்?

டிரெய்லர் பயணிகளிடையே மூன்று-மூன்று-மூன்று என்று ஒரு வழக்கம் உண்டு: ஒரு நாளில் 300 மைலுக்கு மேல் வேண்டாம், பிற்பகல் 3 மணிக்குள் சேர்ந்துவிடு, சேர்ந்த இடத்தில் 3 நாள் தங்கு. 300 மைல் என்பது ஏறக்குறைய 480 கி.மீ. எனக்கு அதுவே அதிகம். 250 கி.மீ. ஓட்டினால் நடுவில் ஓர் ஆற்றங்கரையில் நிறுத்தி உட்காரலாம், சேர்ந்த பிறகும் உடம்பில் தெம்பு இருக்கும். வரைபடச் செயலி காட்டும் நேரம் வெறும் காருக்கானது. டிரெய்லரோடு அதில் நான்கில் ஒரு பங்காவது கூட்டிக்கொள்ளுங்கள்.

வெளிச்சம் இருக்கும்போதே சேருங்கள். தெரியாத இடத்தில் இருட்டில் ரிவர்ஸ் எடுப்பதைவிட, திட்டமிட்ட ஊருக்கு முன்னாலேயே தங்கிவிடுவது எவ்வளவோ மேல்.

எரிபொருள் செலவு அதிகமாகுமா?

ஆகும், கணிசமாக. எடையைவிடக் காற்றுத்தான் காரணம். காற்றின் எதிர்ப்பு வேகத்தின் வர்க்கத்தில் கூடும். மணிக்கு 90 கி.மீ. வேகத்திலிருந்து 110க்குப் போனால் எதிர்ப்பு கிட்டத்தட்ட 50 சதவீதம் உயரும். கார் கூரையைவிட உயரமாக, தட்டையான முகத்தோடு நிற்கும் டிரெய்லர் அதிகம் குடிக்கும். 85, 90இல் ஓட்டினால் செலவும் குறையும், டயருக்கும் நல்லது, பக்கத்தில் இருப்பவரோடு பேசிக்கொண்டும் போகலாம்.

டயர்களில் என்ன பார்க்க வேண்டும்?

வயதை. டிரெய்லர் டயர் தேய்வதற்கு முன்பே கெட்டுவிடும், பெரும்பாலான மாதங்கள் வெயிலில் நின்றுகொண்டே இருப்பதால். பக்கச் சுவரில் நான்கு இலக்க எண் இருக்கும். 2321 என்றால் 2021ஆம் ஆண்டின் 23ஆவது வாரத்தில் தயாரானது. ஐந்தாறு ஆண்டுகள் ஆகிவிட்டால், தரையில் படும் பட்டன் புதிதாகத் தெரிந்தாலும் மாற்றிவிடுங்கள். காற்றழுத்தத்தை ஓட்டுவதற்கு முன், டயர் குளிர்ந்திருக்கும்போது பாருங்கள். சக்கரத்தைக் கழற்றி மாட்டியிருந்தால் முதல் 80, 100 கி.மீ.க்குள் நட்டுகளை மறுபடி இறுக்கிப் பார்ப்பது அவசியம். பேரிங்குகளுக்கு ஆண்டுக்கு ஒருமுறையாவது சோதனை வேண்டும்.

ஸ்டெப்னி இருந்தால் மட்டும் போதாது. கார் ஜாக்கி டிரெய்லரைத் தூக்குமா, கார் ஸ்பேனர் டிரெய்லர் நட்டுக்குப் பொருந்துமா என்று வீட்டிலேயே ஒருமுறை சக்கரத்தைக் கழற்றிப் பார்த்துவிடுங்கள்.

ஒருவர் டிரெய்லருக்குள் படுத்துக்கொண்டு வரலாமா?

கூடாது. பல இடங்களில் சட்டமே தடுக்கிறது. தடுக்காத இடத்திலும் வேண்டாம்.

தண்ணீர் எவ்வளவு ஏற்ற வேண்டும்?

குளியல் தவிர, கவனமாகச் செலவழித்தால் இருவருக்கும் ஒரு நாளைக்கு 15 முதல் 20 லிட்டர். ஒரு லிட்டர் ஒரு கிலோ என்பதை மறக்காமல், போகும் இடத்தில் குழாய் இருந்தால் வழிக்குத் தேவையானதை மட்டும் ஏற்றுங்கள். குடிநீரைத் தனிக் கேனில் வையுங்கள். குடிநீர்க் குழாயும் கழிவைக் கழுவும் குழாயும் வேறு வேறு நிறத்தில், வேறு வேறு பெட்டியில் இருக்கட்டும்.

கழிப்பறை?

சின்ன டிரெய்லர்களில் அதிகம் வருவது இழுத்து எடுக்கும் தொட்டியுள்ள கேசட் வகை. அதன் தொட்டி 17 முதல் 20 லிட்டர், இருவருக்கு இரண்டு மூன்று நாள் வரும். காலி செய்வது அதற்கென்று ஒதுக்கிய இடத்தில் மட்டும், புதரிலோ ஓடையிலோ ஒருபோதும் கூடாது. சிறுநீரைத் தனியே பிரிக்கும் உலர் கழிப்பறையும் நல்லது. சிறுநீரும் மலமும் கலக்கும்போதுதான் நாற்றம் வருகிறது. கழிப்பறையே இல்லாத டிரெய்லரும் பலருக்குப் போதும், முகாம் மைதானங்களில் வசதி இருந்தால்.

கரண்ட் இணைப்பு இல்லாத இடத்தில் எத்தனை நாள் இருக்கலாம்?

12 வோல்ட், 100 ஆம்பியர்-மணி லெட்-ஆசிட் பேட்டரியில் பாதியைத்தான் பயன்படுத்த வேண்டும், அதாவது சுமார் 600 வாட்-மணி. அதே அளவு லித்தியம் இரும்பு பாஸ்பேட் பேட்டரி கிட்டத்தட்ட முழுவதையும் தரும், எடையும் பாதிக்குக் குறைவு. ஆனால் அதைப் பூஜ்யம் டிகிரிக்குக் கீழே சார்ஜ் செய்யக் கூடாது.

எல்.இ.டி. விளக்கு, போன் சார்ஜ், தண்ணீர்ப் பம்பு எல்லாம் சொற்பம். 12 வோல்ட் கம்ப்ரசர் ஃபிரிட்ஜ்தான் பெரிய செலவு. நல்ல வெயிலில் 100 வாட் சோலார் பேனல் ஒரு நாளில் 300 முதல் 400 வாட்-மணி கொடுக்கும், அந்த ஃபிரிட்ஜை ஏறக்குறைய அதுவே பார்த்துக்கொள்ளும். நிழலில் நிறுத்தினால் நமக்குக் குளிர்ச்சி, பேனலுக்குப் பட்டினி. அதனால் மடக்கி எடுத்து வெயிலில் வைக்கும் பேனல் எனக்குப் பிடிக்கும். ஏ.சி., மின் கெட்டில் போன்றவற்றை ஒற்றை பேட்டரியில் ஓட்ட ஆசைப்படாதீர்கள். 1,500 வாட் கெட்டில் 12 வோல்ட்டில் 125 ஆம்பியர் இழுக்கும்.

கேஸ் பாதுகாப்பானதா?

விதிகளை மதித்தால். புரொப்பேன், பியூட்டேன் இரண்டும் காற்றைவிடக் கனமானவை, கசிந்தால் தரையோடு தேங்கும். தரையில் இருக்கும் காற்றுத் துளைகளைக் குளிருக்காக அடைத்துவிடாதீர்கள். ஓடும்போது வால்வு மூடியிருக்கட்டும். குளிர்ப் பிரதேசத்துக்குப் புரொப்பேன் வேண்டும், அது மைனஸ் 42 டிகிரி வரை ஆவியாகிக்கொண்டே இருக்கும். பியூட்டேன் பூஜ்யத்தை ஒட்டியே ஆவியாவதை நிறுத்திவிடும், காலை காபிக்கு அடுப்பு எரியாது.

அடுப்பை ஹீட்டராக எரியவிட்டுத் தூங்காதீர்கள். கார்பன் மோனாக்சைடுக்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை. அதற்கான அலாரம் கட்டாயம் இருக்க வேண்டும், அதன் காலாவதித் தேதியையும் பாருங்கள்.

காலையில் ஜன்னல் எல்லாம் நனைந்திருக்கிறது. கசிவா?

பெரும்பாலும் உங்கள் மூச்சு. இருவர் ஓர் இரவில் அரை லிட்டருக்கு மேல் நீராவி விடுவார்கள். ஒரு கிலோ புரொப்பேன் எரிந்தால் சுமார் 1.6 கிலோ நீர் உருவாகும், எனவே உள்ளே சமைத்தால் இன்னும் கூடும். குளிர்ந்தாலும் கூரை ஜன்னலையும் ஒரு பக்க ஜன்னலையும் விரலளவு திறந்து வையுங்கள். மெத்தையின் அடிப்பக்கத்தை வாரம் ஒருமுறை தூக்கிப் பாருங்கள், பூஞ்சை அங்கேதான் ஒளிந்திருக்கும்.

அவ்வளவு சின்ன இடத்தில் இருவர் சண்டை போடாமல் இருக்க முடியுமா?

கொஞ்சம் வரும். பெரும்பாலும் வந்து சேரும் நேரத்தில் வரும்: பசி, களைப்பு, மங்கும் வெளிச்சம், ரிவர்ஸ் எல்லாம் ஒன்றாகச் சேரும்போது. முகாமுக்குள் நுழைவதற்கு முன்பே எதையாவது சாப்பிட்டுவிடுங்கள். நான் சொன்ன எல்லா யோசனைகளிலும் இது மிக எளியது, மிக அதிகப் பலன் தருவதும் இதுதான்.

உள்ளே ஒருவர் நடமாடும்போது மற்றவர் உட்கார்ந்திருப்பது என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒவ்வொரு பொருளுக்கும் ஓர் இடம், எடுத்தால் அங்கேயே திரும்ப வைக்க வேண்டும். குறுக்காகப் போட்ட படுக்கையில் உள்பக்கம் படுப்பவர் மற்றவரைத் தாண்டித்தான் இறங்க வேண்டியிருக்கும். இரவில் அதிகம் எழுபவருக்கு வெளிப்பக்கத்தைக் கொடுத்துவிடுங்கள். தினமும் ஒரு மணி நேரம் தனித்தனியாக இருங்கள், ஒருவர் நடக்கப் போகட்டும், இன்னொருவர் நாற்காலியில் படிக்கட்டும். பிரிந்திருந்த அந்த ஒரு மணி நேரத்தில் பார்த்ததைச் சொல்ல இருவரிடமும் ஏதாவது இருக்கும், இரவுச் சாப்பாட்டுப் பேச்சு அதிலிருந்தே தொடங்கும்.

வாங்குவதற்கு முன் எப்படி முடிவு செய்வது?

வாடகைக்கு எடுங்கள். ஒரு வார இறுதி போதாது, ஒரு முழு வாரம் வேண்டும், முடிந்தால் மழைக்காலத்தில். கடையில் பார்க்கும்போது இருவரும் படுத்துப் பாருங்கள், ஒருவர் சமைப்பதுபோலவும் மற்றவர் செருப்பு மாட்டிக்கொண்டு வெளியேறுவதுபோலவும் நடித்துப் பாருங்கள். பழையதை வாங்கினால் ஜன்னல் மூலைகளையும் படுக்கைக்கு அடியில் உள்ள பலகையையும் விரலால் அழுத்துங்கள். மெத்தென்று அமுங்கினால் உள்ளே தண்ணீர் இறங்கியிருக்கிறது, விலை எவ்வளவு குறைவாக இருந்தாலும் விட்டுவிடுங்கள்.